நமக்குச் சமியாததை உண்போர்

மனிதன் உண்பன யாவும் மனிதனுக்கே போய்ச் சேருகின்றன என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் அஃது உண்மையன்று. நண்பகலிலே ஒருவர் தவிடு போகாத சிவப்பரிசிச் சோறும், பருப்பும், முருங்கைக்கீரையும், வாழைக்காய்க் கறியும் உண்டு எழுகின்றார். அவ்வுணவின் பெரும்பகுதியை அவருடைய உடல் சில மணி நேரத்துள் ஏற்றுக்கொள்கின்றது. ஒரு சிறு பகுதி மட்டும் எந்த நொதியத்துக்கும் இணங்காமல், சிறுகுடலின் முழு நீளத்தையுங் கடந்து, பெருங்குடலின் வாயிலை அடைகின்றது. அங்கே அதற்காகக் காத்திருப்போர் பலர்.

பழைய ஆரோக்கிய பாடநூல்கள் இப்பகுதியைச் சக்கை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டன. மலச்சிக்கலைத் தடுப்பதற்கு அது வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த பாடத்துக்குச் சென்றன. அச்சக்கை யாது, அதனை உண்போர் யார், எவ்வாறு உண்கின்றனர் என்பதை அறிவதற்கு விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

மாப்பொருளும், சீனியும், மரத்தின் நாரும், பழத்தின் பெற்றினும் யாவும் காபோவைதரேற்று என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எளிய வெல்ல அலகுகளை மணிகள்போற் கோத்து ஆக்கப்பட்டவை அவை. அரிசியின் மாப்பொருளும் பருத்தியின் செலுலோசும் குளுக்கோசு என்னும் ஒரே மணியால் ஆனவை என்பது வியப்பைத் தரும். வேறுபாடு மணியில் இல்லை. மணியை மணியோடு பிணைக்கும் முடிச்சில் உள்ளது. மாப்பொருளின் முடிச்சை அவிழ்க்க மனிதனுடைய உமிழ்நீருக்கும் சதையிச் சாற்றுக்கும் தெரியும். செலுலோசின் முடிச்சு அவற்றுக்குத் தெரியாது. தாவரத்தின் கலச்சுவரிலோ இவ்வகை முடிச்சுக்கள் மிகப் பல. உணவிலுள்ள காபோவைதரேற்றைச் சிதைப்பதற்கு மனிதனுடைய பரம்பரையலகுகள் ஆக்கக்கூடிய நொதியங்களோ இருபதைத் தாண்டா. ஒரு சிறு சாவிக்கொத்தை ஏந்தி ஒரு பெருமாளிகையின் வாயில்களைத் திறக்க முற்படுவோனின் நிலையே மனிதனின் நிலை.

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமானது. அங்கே ஒட்சிசன் இல்லையென்றே கூறலாம். அவ்விருளிலே வாழும் பற்றீரியாக்களைக் கணக்கிட்டோர், சராசரி மனிதன் ஒருவனில் 38 இலட்சம் கோடி இருக்கலாம் என்று 2016ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். மனிதனுடைய சொந்தக் கலங்கள் 30 இலட்சம் கோடி. நுண்ணுயிர்கள் மனிதக் கலங்களைப் போற் பத்து மடங்கு என்று அதற்குமுன் பல நூல்களிற் காணப்பட்ட கணக்கு மிகையானதென்று அப்போது தெளிவாயிற்று. அத்தனையும் சேர்ந்து நிறுத்தால் ஏறத்தாழ 200 கிராம். ஒரு மாம்பழத்தின் நிறை.

இக்கூட்டத்துள் நன்கு ஆராயப்பட்டதொன்று பற்றீரொயிடீசு என்னும் இனத்தைச் சேர்ந்தது. தீற்றா, அயோற்றா, ஒமிக்கிரோன் என்னும் கிரேக்க எழுத்துக்கள் மூன்றை ஒன்றாக ஒட்டி அதற்குப் பெயரிட்டுள்ளனர். இத்துணைச் சிறிய உயிருக்கு இத்துணைப் பெரிய பெயர் வேண்டுமோ என்று கேட்கத் தோன்றும். இங்கே தீற்றா என்றே அதனைக் குறிப்போம்.

தீற்றாவின் இடுக்கண் யாதெனச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். பற்றீரியாவுக்கு வாய் இல்லை, வயிறும் இல்லை. அதன் மேற்றோலிலுள்ள நுண்ணிய வாயில்களினூடாகச் சிறு மூலக்கூறுகளே உட்புகும். மாப்பொருளின் மூலக்கூறோ மிகப் பெரியது. அதனை வெளியிலேயே வெட்டிச் சிறிதாக்கலாம் எனின், வெட்டிய துண்டுகள் குடல் நீரிலே மிதந்து செல்லும். உழைத்தவன் ஒருவன், உண்பவன் மற்றொருவன் என்றாகும். அயலாரோ கோடிக்கணக்கினர், யாவரும் பசித்திருப்போர். நெல்லைப் பொதுத்தெருவில் உலர்த்திவிட்டு உறங்கச் சென்றவனுக்கு நேர்வது அதற்கும் நேரும்.

இவ்விடுக்கணைத் தீற்றா எவ்வாறு தீர்த்துக்கொண்டது என்பதைக் கண்டறிந்தவர் அபிகெயில் சாலியர்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. இலினோய் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக விளங்கிய அவர் 2013ஆம் ஆண்டிற் காலமானார். குடற்பற்றீரியாக்கள் நோய்க்கிருமிகளைப் போல மதிக்கப்படாதிருந்த காலத்திலேயே அவற்றைத் தம் ஆராய்ச்சிக்குரியனவாக அவர் தேர்ந்துகொண்டார். தீற்றா நொதியங்களை வெளியே வீசுவதில்லை, முதலில் மாப்பொருளைத் தன் மேற்பரப்பிலே பற்றிக்கொள்கின்றது என்று அவரும் அவருடைய மாணவரும் 1989ஆம் ஆண்டிற் காட்டினர். பிடித்துக்கொண்ட பின்னரே வெட்டுதல். வெட்டுவதும் சற்றே, சிறுதுண்டு ஆகுமளவிற்கு அன்று, வாயிலுட் புகுமளவிற்கே. உள்ளே இழுத்துக்கொண்டு, இரு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள மறைவிடத்தில் எஞ்சிய வேலையை முடிக்கின்றது. அயலாருக்கு அங்கே இடமில்லை.

இவ்வேலைக்கு எட்டுப் புரதங்கள் ஒன்றாக உழைக்கின்றன. அவற்றுட் சில மாப்பொருளைப் பற்றும் கைகள். ஒன்று வெளியிலுள்ள கத்தி. ஒன்று உள்ளே செல்லும் வாயில். இரண்டு உள்ளறையிலிருந்து துண்டுகளைக் குளுக்கோசாக்கும். எட்டாவது காவலன். மாப்பொருளிலிருந்து வந்த சிறு வெல்லத்தை அது உணர்ந்தாலன்றி ஏனைய ஏழும் பெருமளவில் ஆக்கப்படமாட்டா. விருந்து வருமென்று அறியாது அடுப்பு மூட்டும் வழக்கம் தீற்றாவின் வீட்டில் இல்லை.

வாயிலின் அமைப்பை இங்கிலாந்திலுள்ள நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 2017ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். குழாய் வடிவான புரதம் ஒன்று. அதன்மேல் மூடிபோல் அமைந்த மற்றொன்று. மூடி ஒருபுறம் பிணைந்திருக்க, மறுபுறம் திறந்து மூடும். இரை உள்ளே விழுந்ததும் மூடி சாத்திக்கொள்கின்றது. அதன்பின்னரே குழாய் உட்புறமாகத் திறந்து இரையை விடுகின்றது. காலால் மிதித்தால் மூடி திறக்குங் குப்பைத்தொட்டிக்கு அவ்விஞ்ஞானிகள் இதனை ஒப்பிட்டனர். உவமையிற் கண்ணியம் குறைவெனினும் பொருத்தத்திற் குறைவில்லை.

மாப்பொருளுக்கு அமைந்த இக்கருவித்தொகுதி ஒன்று மட்டுமே எனின் தீற்றாவைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. சென் லூயி நகரத்து உவாசிங்டன் பல்கலைக்கழகத்திலே ஜெப்ரி கோர்டன் தலைமையிலான குழுவினர் அதன் பரம்பரையலகுகள் முழுவதையும் 2003ஆம் ஆண்டில் வாசித்து வெளியிட்டனர். இத்தகைய தொகுதிகள் 88 அதனிடம் உண்டென்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. பெற்றினுக்கு ஒன்று, அரபினானுக்கு வேறொன்று, மதுவத்தின் கலச்சுவரிலுள்ள மன்னானுக்கு மற்றொன்று என்று, வந்த உணவுக்கேற்ற தொகுதியை எடுத்து ஏனையவற்றை அது ஒதுக்கி வைக்கின்றது. தாவரத்தின் கலச்சுவர்களிலே உரம்னோகலக்துரோனான் இரண்டு எனப் பெயரிய பொருள் ஒன்று உண்டு. பதின்மூன்று வகை வெல்லங்களை இருபத்தொரு வகை முடிச்சுக்களாற் பிணைத்து ஆக்கப்பட்டது அது. அவ்விருபத்தொன்றுள் ஒன்றைத் தவிர ஏனையவற்றையெல்லாம் தீற்றா அவிழ்த்துவிடுகின்றது என்று 2017ஆம் ஆண்டிற் கண்டனர். இரசாயன அறிஞர் தம் ஆய்வுகூடத்திற் செய்யத் தயங்கும் வேலை அது.

எல்லாப் பற்றீரியாக்களும் இவ்வாறு தனித்து உண்பன அல்ல. வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள இனுலினைத் தீற்றாவின் உறவினமான ஒன்று வெளியிலேயே வெட்டி அயலாருக்கும் ஊட்டுகின்றது. அதற்குக் கைம்மாறாக அயலாரால் நன்மையும் பெறுகின்றது. பிபிடோபற்றீரியம் என்பது மற்றொரு வகை. பாரிசு நகரத்து ஆன்றி ரிசியே என்பவர் 1899ஆம் ஆண்டில் தாய்ப்பாலுண்ணும் குழந்தைகளிடம் இதனைக் கண்டார். இது சிறிய வெல்லத்தொடர்களை வெட்டாமலே உள்ளிழுத்துப் பின்னர் உள்ளே சிதைப்பதில் வல்லது. பருப்பு, கடலை, உழுந்து முதலியவற்றிலுள்ள இரபினோசு அவ்வகைத் தொடர்களுள் ஒன்று. அதனை வெட்டும் நொதியம் மனிதனுடைய சிறுகுடலில் இல்லை. ஆதலால் அது முழுமையாகப் பெருங்குடலைச் சேர, அங்குள்ளோர் உண்டு, ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகின்றனர். கடலை உண்டபின் வயிறு ஊதுவதன் காரணம் இதுவே. பயறுவகைகளை ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிடும் வழக்கம் இவ்வெல்லங்களிற் சிலவற்றைக் கரைத்து அகற்றிவிடுகின்றது. அவ்வழக்கத்தை ஏற்படுத்திய பாட்டிமாருக்கு இரபினோசு என்ற பெயர் தெரியாது. ஊதிய வயிறு தெரியும்.

மாப்பொருளிலும் ஒரு பகுதி சமியாமல் எஞ்சுகின்றது. பச்சை வாழைக்காயிலுள்ள மாமணிகள் அத்தகையவை. சோறு ஆறும்போது, அவிந்து குலைந்த மாப்பொருளின் இழைகளுட் சில மீண்டும் இறுகி ஒழுங்காக அடுக்கிக்கொள்ளுகின்றன. அவற்றினுள் நொதியம் புக இயலாது. எனவே பழஞ்சோற்றிலே சமியா மாப்பொருள் சுடுசோற்றிலும் அதிகம். கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்தோர் 2015ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்திலே ஒரு முறையை எடுத்துரைத்தனர். கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, அரைக் கோப்பை அரிசியிட்டுச் சமைத்து, பன்னிரண்டு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இம்மாப்பொருள் கூடுகின்றதென்பதும், மீண்டும் சூடாக்கினாலும் அது குறைவதில்லை என்பதும் அவர்தம் கூற்று. ஆய்வுகூடத்துச் சோதனைதான் அது. உண்டோரின் உடல்நலத்தைப் பற்றி அதிலிருந்து முடிவு கட்டுதல் பொருந்தாது.

இச்சமியா மாப்பொருளை உடைப்பதிலே உரூமினோக்கொக்கசு புரோமி என்னும் பற்றீரியாவுக்கு முதலிடம் உண்டு. பல நொதியங்களை ஒரே சட்டகத்திற் பூட்டி, மாமணியின் மேல் ஒட்டிக்கொண்டு அது வேலை செய்கின்றது. அபடீன் நகரத்து ஆராய்ச்சியாளர் 2012ஆம் ஆண்டில், அவ்வொன்று இல்லாதவரிடத்து இம்மாப்பொருள் பெரும்பாலும் உண்ணப்படாமலே கழிகின்றது என்றும், அதனைச் சேர்த்தவிடத்து ஏனையோரும் உண்ணத் தொடங்குகின்றனர் என்றும் காட்டினர். தேங்காயை உடைப்பவன் ஒருவன் இருந்தாற்றானே துருவுவோருக்கும் பிழிவோருக்கும் வேலை!

யப்பானியரைப் பற்றிய செய்தி ஒன்றையும் இங்கே விட்டுச்செல்ல மனம் வரவில்லை. கடற்பாசியிலுள்ள ஒருவகைக் காபோவைதரேற்றைச் சிதைக்கும் நொதியம் கடற்பற்றீரியா ஒன்றுக்கு உரியது. அதன் பரம்பரையலகு யப்பானியரின் குடற்பற்றீரியாவிலும் இருக்கின்றதென்றும், வட அமெரிக்கரிடம் காணப்படவில்லை என்றும் 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசியை உண்டவிடத்து, பாசியோடு வந்த கடற்பற்றீரியா தன் கைத்தொழிலைக் குடலிலிருந்த உறவினனுக்குக் கொடுத்துச் சென்றிருக்கின்றது.

இனி, இவர்கள் உண்பதால் மனிதனுக்கு வருவது யாது? ஒட்சிசன் இல்லாத இடத்திலே வெல்லத்தை முற்றாக எரித்தல் இயலாது. புளிக்கவைத்தலே வழி. ஆதலால் அசற்றிக்கமிலம், புரொப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் என்னும் சிறு கொழுப்பமிலங்கள் எஞ்சுகின்றன. பிபிடோபற்றீரியம் போன்றவை அசற்றிக்கமிலத்தையும் இலற்றிக்கமிலத்தையும் வெளிவிட, வேறு சில அவற்றை உண்டு பியூற்றிரிக்கமிலத்தை ஆக்குகின்றன. ஒருவர் எச்சில் மற்றவருக்கு விருந்து. இறுதியிற் கிடைக்கும் அமிலங்களை மனிதனுடைய குடல் உறிஞ்சிக்கொள்கின்றது. அவனுக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இவ்வழியாக வரலாம். பெருங்குடலின் உட்சுவரிலுள்ள கலங்களோ தமக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதத்தைப் பியூற்றிரிக்கமிலத்திலிருந்தே பெறுகின்றன. குருதி ஓட்டம் அருகிலேயே இருந்தும், அயலார் சமைத்ததையே அவை விரும்புகின்றன.

நார்ப்பொருள் வராதொழிந்தால் நேர்வதையும் ஆராய்ந்துள்ளனர். மனிதக் குடலுக்குரிய பதினான்கு வகைப் பற்றீரியாக்களை எலிகளிற் குடியேற்றி, அவற்றுக்கு நாரற்ற உணவைக் கொடுத்து 2016ஆம் ஆண்டில் ஒரு சோதனை வெளியாயிற்று. பசித்த பற்றீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படையை உண்ணத் தலைப்பட்டன. அச்சளியும் வெல்லத்தொடர்களாற் போர்த்தப்பட்டதே. படை மெலிந்தவிடத்து நோய்க்கிருமி எளிதிற் சுவரை எட்டியது. அதே ஆண்டில் இசுத்தான்போட் பல்கலைக்கழகத்தினர், நார் குறைந்த உணவை நான்கு தலைமுறை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தனர். தலைமுறைதோறும் பற்றீரியா வகைகள் குறைந்துகொண்டே சென்றன. பின்னர் நாரை மீட்டுக் கொடுத்தும் இழந்தவை பல திரும்பவில்லை. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அவ்வாறே நேரும் என்று அடித்துக் கூறுதல் தகாது. எனினும், தீட்டிய வெள்ளரிசியும் பாணும் பிசுக்கோத்துமே உணவாகிவிட்ட வீடுகளில் வளரும் பிள்ளைகளை எண்ணும்போது இச்சோதனை மனத்தை உறுத்தவே செய்கின்றது.

மனிதரிடத்தும் ஒரு சோதனை 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அமெரிக்காவிற் பிற்சுபேக்கு நகரத்துக் கறுப்பினத்தவர் இருபதின்மரும், தென்னாபிரிக்க நாட்டுப்புறத்தவர் இருபதின்மரும் இரண்டு வாரம் தம் உணவை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கருக்கு நாளொன்றுக்கு 55 கிராம் நார். ஆபிரிக்கருக்கு 12 கிராம் நாரும் மிகுந்த கொழுப்பும் இறைச்சியும். அமெரிக்கரின் குடலிற் பியூற்றிரிக்கமிலம் இரண்டரை மடங்காக, ஆபிரிக்கருடையது பாதியாயிற்று. குடற்சுவரின் அழற்சிக் குறிகளும் அவ்வாறே இடம் மாறின. இத்தனைக்கும் கழிந்தவை பதினான்கு நாட்களே.

இவ்வறிவு நோயாளியின் படுக்கையருகே பயன்பட்ட வரலாறு தமிழ்நாட்டிலும் உண்டு. வாந்திபேதி கண்டவனுக்கு உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் கொடுத்தல் உயிர் காக்கும் முறை. ஆனால் அதனாற் பேதி உடனே நிற்பதில்லை. அந்நீர் சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகின்றது. பெருங்குடலுக்கும் நீரை உறிஞ்சும் ஆற்றல் உண்டு. சிறு கொழுப்பமிலங்கள் அங்கே உறிஞ்சப்படும்போது உப்பும் நீரும் உடன் செல்கின்றன. அவ்வமிலங்களைத் தோற்றுவிக்கப் பற்றீரியாக்களுக்கு இரை கொடுத்தாலென்ன என்று வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் எண்ணினர். நோயாளர் 48 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கரைசலும், மற்றொன்றுக்கு அரிசிமாக் கலந்ததும், மூன்றாவதற்கு லீற்றருக்கு 50 கிராம் சமியா மாப்பொருள் கலந்ததும் கொடுத்தனர். மூன்றாவது பிரிவினருக்கே பேதி விரைவில் நின்றது. 2000ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று. அடுத்த ஆண்டில், நீடித்த வயிற்றோட்டத்தால் வருந்திய வங்காளதேசத்துக் குழந்தைகளுக்கு அவித்த பச்சை வாழைக்காய் உதவிற்றென்று டாக்காவிலிருந்து செய்தி வந்தது.

டாக்காவின் வேலை அத்துடன் நிற்கவில்லை. அங்குள்ள சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தக்மீது அகமதுவும் அவர் குழுவினரும், முன்னே கூறிய ஜெப்ரி கோர்டனும் சேர்ந்து ஒரு வினாவை எழுப்பினர். போசாக்கின்றி மெலிந்த குழந்தைக்குக் கலோரி நிறைந்த உணவைக் கொடுத்தும் அது தேறாதிருப்பதேன்? அக்குழந்தையின் குடற்பற்றீரியாக் கூட்டம் வயதுக்கேற்ப வளர்ச்சியடையாமல், அதனினும் இளங்குழந்தையுடையதைப் போல் இருத்தலை அவர்கள் கண்டனர். ஆகவே குழந்தைக்கு மட்டுமன்றி, அப்பற்றீரியாக்களுக்கும் சேர்த்து ஓர் உணவை வகுத்தனர். கடலைமா, சோயாமா, அரைத்த கச்சான், பச்சை வாழைக்காய் என்பன அதன் முக்கிய கூறுகள். சிறிது சீனியும் எண்ணெயும் சேரும். யாவும் அவ்வூர்ச் சந்தையிற் கிடைப்பன.

டாக்காவின் மீர்ப்பூர்ச் சேரியிலே, பன்னிரண்டு முதற் பதினெட்டு மாதக் குழந்தைகளுக்கு மூன்று மாதகாலம் இதனைக் கொடுத்துப் பார்த்தனர். மற்றொரு பிரிவினருக்கு அரிசி, பருப்பு, பால்மா கொண்டு ஆக்கிய வழக்கமான போசாக்குணவு கொடுக்கப்பட்டது. முடிவுவரை நின்ற குழந்தைகள் 118. புதிய உணவிற் கலோரி குறைவு. அவ்வாறிருந்தும் அதனை உண்ட குழந்தைகளே விரைவாக நிறை கூடின. வேறுபாடு பெரிதன்று; ஆயினும் கலோரிக் கணக்கு மட்டும் கொண்டு அதனை விளக்க இயலவில்லை. இது 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது.

விளக்கம் பின்னர்க் கிடைத்தது. நிறை நன்கு கூடிய குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது, பிரெவோற்றெல்லா கோப்ரி என்னும் பற்றீரியாவின் சில வகைகள் அவர்களிடம் மிகுந்திருந்தன. தீற்றாவின் தொலைவான உறவு அது. அதனிடமும் பற்றும் கைகளும், வெட்டும் கத்தியும், மூடியுள்ள வாயிலும் கொண்ட தொகுதிகள் உண்டு. கடலையிலும் சோயாவிலும் வாழைக்காயிலும் உள்ள கலச்சுவர்க் காபோவைதரேற்றுக்களைச் சிதைப்பதற்கு உரியவை அத்தொகுதிகள். எல்லாப் பிரெவோற்றெல்லாவும் அவற்றை உடையன அல்ல. எவ்வகை எந்தக் குழந்தையிடம் உண்டு, பிறந்தபின் எப்போது, யாரிடமிருந்து அது வந்து சேருகின்றது, வராதவிடத்து உணவோடு சேர்த்து அதனையும் ஊட்டலாமோ என்பனவே அவர்கள் அடுத்து ஆராயத் தொடங்கிய வினாக்கள்.